முதல் மடக்குக்கு முன்னால்: பக்கவாத வார்டு சிஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிஸ்டர்களுக்கு,

வணக்கம். ஸ்ட்ரோக் வார்டிலும் ஐசியுவிலும் ராத்திரி ட்யூட்டி பார்க்கிற உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நோயாளியின் வாயில் முதல் மாத்திரையைப் போட்டு முதல் மடக்குத் தண்ணீர் கொடுப்பது நீங்கள், இல்லையென்றால் நீங்கள் "குடுங்க" என்று சொன்ன பிறகு கொடுக்கிற எங்களைப் போன்ற வீட்டு ஆட்கள். அந்த ஒரு மடக்கைப் பற்றியும், அதற்குப் பிறகு வந்த ஏழு மாதங்களைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

என் அப்பா பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை எழுந்து உட்கார்ந்தவருக்குத் தலை சுற்றியது, வாந்தி வந்தது, அப்புறம் விக்கல் பிடித்துக்கொண்டது. சாதாரண விக்கல் இல்லை, மணிக்கணக்காக நிற்காத விக்கல். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார், குரல் மட்டும் கம்மியிருந்தது, இடது கண் இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. வாதம் என்றால் ஒரு பக்கம் விழ வேண்டும் என்றுதானே நமக்குத் தெரியும், அதனால் பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாறு கொடுக்கப் போனாள் அம்மா. அது மூக்கு வழியாக வெளியே வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பயந்துபோய் வண்டி பிடித்தோம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முகுளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, மூளைத் தண்டின் அடிப்பகுதி, அதன் இடது ஓரத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டிருந்தது. விழுங்குவதை நடத்துகிற நரம்பு மையம் அங்கேதான் இருக்கிறது என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். 1895இல் அடால்ஃப் வாலன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த அதே வகை. கை கால் பலம் அப்படியே இருக்கும், ஆனால் ஒரு பக்க முகம் மரத்துப்போகும், எதிர்ப்பக்கக் கையில் சூடு தெரியாது, தொண்டையின் ஒரு பக்கம் செயலிழந்துவிடும். அப்பா தன் காலால் நடந்து பாத்ரூம் போனார், தள்ளாட்டத்தோடுதான், ஆனாலும் போனார். தன் எச்சிலை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

இது எங்களுக்கும் தெரியாது, அன்றைக்கு ராத்திரி ட்யூட்டியில் இருந்த சிஸ்டருக்கும் யாரும் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. ஒன்பது மணிக்கு நான்கு மாத்திரை வந்தது. "சாப்பாடு இல்லாட்டியும் பரவாயில்ல, மாத்திரைய மட்டும் குடுத்துடுங்க" என்றார்கள். கொடுத்தது என் கை. அப்பாவை லேசாகத் தூக்கிப் பிடித்து, மாத்திரையை நாக்கில் வைத்து, டம்ளரைச் சாய்த்தேன். உடனே இருமல், மூச்சு முட்டல், கண்ணில் தண்ணீர். நான் என்ன செய்தேன் தெரியுமா, நம் வீடுகளில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன், உச்சந்தலையில் தட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மா "புரை ஏறுது, யாரோ நினைக்கிறாங்க போல" என்றார். இருமல் அடங்கியதும் மீதி மாத்திரைகளையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி, நிமோனியா, ஐசியு. பதினோரு நாள்.

சிஸ்டர், நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. ஒரு வார்டில் ராத்திரி எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதை அந்தப் பதினோரு நாளும் வராந்தாவில் படுத்துப் பார்த்தவள் நான். ஆனால் பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் ஏதோ ஒரு கோளாறு இருக்கும் என்பதும், அவர்களில் நிறையப் பேருக்கு இரண்டொரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும் என்பதும், அந்த இரண்டு வாரத்தைத் தாண்டுவதற்குள் நுரையீரலில் சளி கட்டிச் சிலரை இழந்துவிடுகிறோம் என்பதும் எனக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

புரை ஏறுவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிட்டோம். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தலையில் தட்டுகிறோம். உண்மையில் அது உடம்பு நமக்காகப் போடுகிற சத்தம். உணவும் மூச்சும் ஒரே தொண்டையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. விழுங்குகிற அந்த ஒரு விநாடியில் குரல்வளை மேலே எழும்பி முன்னால் வரும், மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும், உணவுக்குழாயின் மேல் வளையம் தளர்ந்து திறக்கும். முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தவறாமல் சேர்ந்து செய்கிற வேலை. அதில் ஒரு சின்னத் தாமதம் வந்தாலும் தண்ணீர் தப்பான வழியில் இறங்கிவிடும், அப்போது இருமல் வந்து அதை வெளியே தள்ளும். பயப்பட வேண்டியது அந்த இருமல் வராதபோதுதான்.

இதை நாங்கள் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிய இரண்டாம் நாள், மூக்கில் ட்யூப் போட்டிருந்த நேரம், அத்தை ஊரிலிருந்து வந்தாள். வைத்தீஸ்வரன் கோயில் தீர்த்தம் ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். கட்டிலின் தலைமாட்டில் மூன்று ஆங்கில எழுத்தில் என்.பி.ஓ. என்று எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வாய் வழியாக எதுவும் கூடாது என்று அதற்கு அர்த்தமாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது, ஏதோ டாக்டர் பேர் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தை ஒரு ஸ்பூன் தீர்த்தத்தைத் தன் தம்பியின் வாயில் விட்டாள். அப்பா இருமவே இல்லை. "பாத்தியா, புரையே ஏறல, சாமி கண்ணத் தொறந்துட்டார்" என்று அத்தை அழுதாள், நாங்களும் அழுதோம். அடுத்த நாள் மறுபடி காய்ச்சல். ஒரு துளியும் இருமாமல், சத்தமே இல்லாமல், அது நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று பிறகு விளக்கினார்கள். தொண்டையின் உணர்ச்சி மங்கிவிட்டால் அப்படித்தான் ஆகுமாம். அத்தை இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறாள். அன்பால் கொடுத்த ஒரு ஸ்பூன் அது. அந்த அட்டை தமிழில் இருந்திருந்தால் அவளுக்கு இந்தப் பாரம் வந்திருக்காது.

சரி, முதல் மடக்குக்கு முன்னால் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. ஆஸ்திரியாவில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ஒரு முறையில் முதலில் தண்ணீரே கிடையாது. ஆள் விழிப்பாக இருக்கிறாரா, சொன்னால் இருமத் தெரிகிறதா, தன் எச்சிலை விழுங்குகிறாரா, எச்சில் வழிகிறதா, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கரகரக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் தேறினால் கூழ் போலக் கெட்டியாக்கிய நீர் அரை ஸ்பூன், அப்புறம்தான் தண்ணீர், அதுவும் 3 மில்லியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றி, கடைசியில் திட உணவு. எங்கே தடுமாறுகிறாரோ அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நாம் நினைப்பதற்கு இது நேர் எதிராக இருக்கிறது பாருங்கள். "சோறு வேண்டாம், வெறும் தண்ணி தானே" என்று நாம் சொல்லுவோம். விழுங்க முடியாதவருக்கு அந்த வெறும் தண்ணீர்தான் பெரிய ஆபத்து, ஏனென்றால் மெல்லிய திரவம் வேகமாக ஓடும், தொண்டை தயாராவதற்குள் மூச்சுக்குழாய் வாசலுக்கு வந்து நின்றுவிடும்.

சோதித்தபோது என் அப்பா எச்சில் கட்டத்திலேயே நின்றுபோனார். அதாவது, அன்றைக்கு ராத்திரி அவர் பக்கத்தில் ஒருவர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து வாயைக் கவனித்திருந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காமலேயே தெரிந்திருக்கும்.

செவிலியர் செய்வதால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று உங்களுக்கு மேலே இருப்பவர்கள் யாராவது கேட்டால், ஆஸ்திரேலியாவைக் காட்டுங்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 ஸ்ட்ரோக் யூனிட்டுகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் செவிலியர்களுக்கு மூன்று விஷயத்தில் மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். இந்த மூன்றையும் முதல் 72 மணி நேரம் செவிலியர்களே முன்னின்று கவனிக்க வேண்டும், விழுங்கும் சோதனையை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களையும் பிறர் கையை நம்பியே வாழ வேண்டியவர்களையும் சேர்த்து, வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம், பயிற்சி பெற்ற செவிலியர்களின் யூனிட்டுகளில் 42 சதவீதம். சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியர் தலைமையில் நடந்த ஆய்வு இது, 2011இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இதை நான் முதலில் படித்தபோது, சிஸ்டர், நூற்றுக்கு அந்த 16 பேரில் என் அப்பாவைப் போல எத்தனை பேர் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த ஏழு மாதங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எங்களுக்கு எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ட்யூப்) வழியாக 200 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எப்படிக் கொடுப்பது என்று ஒரு சிஸ்டர் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார், தலையணை உயரமாக வைத்து உட்கார வைக்கணும், கொடுத்த பிறகு உடனே படுக்க வைக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் ட்யூப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவணும் என்று. அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் ட்யூப்பை எப்போது எடுப்பது, அதை எடுக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று எங்கும் இல்லை. அம்மா கேட்டாள், "இனிமே வாயால சாப்பிடவே முடியாதா?" "பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பார்க்கலாமோடு ஏழு வாரம் வீட்டில் கிடந்தோம். நாற்காலியில் அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து, 50 மில்லி சிரிஞ்சில் பாலும் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் வடிகட்டி ஊற்றிக்கொண்டு, அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு.

எச்சிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மனிதனுக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுமாம், நாம் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். விழுங்க முடியாதவருக்கு அது அவ்வளவும் வெளியே வர வேண்டும். அப்பா கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் மக், தோளில் ஒரு துண்டு. ராத்திரியில் படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே தூங்குவார், வாயோரத்தில் மடித்த துண்டு. ஒரு நாளைக்குப் பதினாலு துண்டு துவைத்தாள் அம்மா. எங்கள் வீட்டுக் கொல்லையில் கொடி நிறையத் துண்டுகளாகவே தொங்கும். பஸ்ஸில் முப்பது வருஷம் "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று கத்தியவர், யாராவது பார்க்க வந்தால் மக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார்.

பிசியோதெரபிக்கு வந்த பையன்தான் முதலில் சொன்னான், "ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட காட்டினீங்களா?" பேச்சு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு ஸ்பீச் தெரபிஸ்ட் என்று எங்களுக்குப் புரியவில்லை. பேச்சுப் பயிற்சியாளர்கள்தான் விழுங்கும் பயிற்சியும் கொடுக்கிறார்கள் என்பது எத்தனை குடும்பத்துக்குத் தெரியும்? பெயரில் அது இல்லையே. மைசூரில் 1965இல் பேச்சுக்கும் செவித்திறனுக்கும் என்றே தேசிய நிறுவனம் தொடங்கியிருக்கிறார்கள், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்தான் இந்தத் தொழில் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதெல்லாம் இருந்தும் எங்களிடம் அந்தப் பெயரைச் சொல்ல ஏழு வாரம் ஆயிற்று. இரண்டு பஸ் மாறிப் போனோம்.

அங்கே மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு, பச்சை நிறம் கலந்த தயிரை அரை ஸ்பூன் கொடுத்துப் பார்த்தார்கள். திரையில் நானும் பார்த்தேன். பச்சை மொத்தமும் தொண்டையின் இடது பக்கத்தில் போய்த் தேங்கி நின்றது, வலது பக்கம் மட்டும் சுருங்கிச் சுருங்கி முயற்சி செய்தது, அப்புறம் தேங்கியது வழிந்து மூச்சுக்குழாய் வாசலில் இறங்கியது. அப்பா இருமவில்லை. அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் பெண், அவருக்கு என் வயதுதான் இருக்கும், அப்பாவின் தலையை மெல்ல இடது பக்கமாகத் திருப்பினார், கன்னம் தோளைப் பார்க்கிற அளவுக்கு. "இப்ப முழுங்குங்கப்பா, பலமா." பலவீனமான பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்து வழி அடைபட்டு உணவு பலமுள்ள பக்கமாக இறங்குமாம். இரண்டாம் முயற்சியில் பச்சை வலது பக்கமாக வழுக்கிக்கொண்டு கீழே போய் மறைந்தது. முழுவதும் இல்லை, பாதிதான். ஆனால் போனது.

வீட்டில் செய்யச் சொன்னவை சில. விழுங்கும்போது தொண்டை மேடு மேலே எழும்பும், அதைக் கையால் தொட்டுப் பார்த்து, மேலே இருக்கிற நிலையிலேயே இரண்டு விநாடி பிடித்து வைக்க வேண்டும். சின்ன ரப்பர் பந்தைத் தாடைக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும். மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்க வேண்டும், ஒரு நிமிஷம் அப்படியே, மூன்று தடவை, அப்புறம் முப்பது தடவை ஏற்றி இறக்கி, ஆறு வாரம். கழுத்தின் முன்பக்கத் தசை பலப்பட்டால் உணவுக்குழாய் வளையம் நன்றாகத் திறக்கும் என்பதற்காக. (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அப்பாவுக்கு இடது என்றால் இன்னொருவருக்கு வலது, மூன்றாமவருக்குத் திருப்புவதே உதவாது, கழுத்தில் தேய்மானம் இருந்தால் தலை தூக்குவது கூடாது. சோதித்த பிறகுதான் பயிற்சி.)

அம்மாவுக்குக் கிடைத்த வேலை வேறு. எந்தப் பதத்தில் கொடுப்பது என்பது. இதற்கு உலக அளவில் 0 முதல் 7 வரை நிலைகள் வகுத்திருக்கிறார்கள், 0 என்றால் தண்ணீர், 7 என்றால் சாதாரணச் சாப்பாடு. திரவத்தின் பதத்தை அளக்கிற வழி எளிமையானது, 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். பிஸ்டனைக் கழற்றிவிட்டு, கீழே விரலால் அடைத்துக்கொண்டு, 10 மில்லி நிரப்பி, விரலை எடுத்துப் பத்து விநாடி விட வேண்டும். மறுபடி அடைத்துவிட்டு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். 1லிருந்து 4 மில்லி மிச்சம் இருந்தால் முதல் நிலை, 4லிருந்து 8 என்றால் இரண்டாம் நிலை, 8க்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. அப்பாவுக்கு முதலில் மூன்று. எங்கள் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவள், அடுப்புமேடையில் நின்றுகொண்டு கேழ்வரகுக் கஞ்சியைச் சிரிஞ்சில் ஊற்றி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணுவாள். ஆறினால் இறுகிவிடுகிறது, சூட்டில் ஓடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். ஸ்பூனை வாயில் வைத்துவிட்டு மறுபடி அதே கிண்ணத்தில் விட்டால் கஞ்சி நீர்த்துப்போகிறது என்பதையும் அவள்தான் கவனித்துச் சொன்னாள். எச்சில் மாவுச்சத்தைக் கரைத்துவிடும் என்று தெரபிஸ்ட் விளக்கிய பிறகு, எடுக்க ஒரு ஸ்பூன், ஊட்ட ஒரு ஸ்பூன். ரசம் சாதம் எவ்வளவு குழைந்திருந்தாலும் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அதில் சாதம் ஒரு வேகத்திலும் ரசம் ஒரு வேகத்திலும் இறங்கும். இட்லி வாயில் உதிர்ந்து அங்கங்கே ஒட்டிக்கொள்ளும், கெட்டித் தயிரில் மசித்தால் சரி. நோயாளிக்கு என்றாலே ரசம் சாதமும் இட்லியும்தான் என்று வளர்ந்த வீடு எங்களுடையது.

துண்டின் கணக்குதான் எங்களுக்கு அளவுகோலாக இருந்தது. பதினாலு, பதினொன்று, ஒன்பதில் மூன்று வாரம் அசையாமல் நின்றது, அப்போது அப்பா பந்தைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கழுவி வைத்தாள். அப்புறம் ஏழு, நான்கு. ஒரு நாள் சாயங்காலம் கொடியில் இரண்டே துண்டு காய்ந்தது. நான்காம் மாதக் கடைசியில் ட்யூப்பை எடுத்தார்கள். ஏழாம் மாதம் மறுபடி கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, இனி தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டாம், தலையைத் திருப்பிக் குடித்தால் போதும் என்றார்கள்.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு வயிற்றில் ட்யூப் போடுவதுதான் நல்லது, அதைக் கடைசிக் கட்டம் என்று பயப்படவும் வேண்டாம். ஆனால் மூளை கைவிட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஷாஹீன் ஹம்தி என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990களில் கண்டதைப் பாருங்கள். பெருமூளையில் விழுங்குவதற்கான இடம் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரிய பக்கம் அடிபட்டவர்களுக்குத்தான் விழுங்குவது போகிறது, அவர்களில் மீண்டவர்களைப் பார்த்தால் அடிபடாத பக்கத்து இடம் சில வாரங்களில் விரிந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. என் அப்பாவுக்கு அடிபட்ட இடம் வேறு. ஆனால் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிற அந்த வாரங்கள் சும்மா கழிகிற வாரங்கள் அல்ல என்பது எல்லாருக்கும் பொது.

இன்னொன்று, வாய் சுத்தம். வாயால் சாப்பிடாதவருக்கு எதற்குப் பல் விளக்க வேண்டும் என்று நாங்கள் முதல் மாதம் விட்டுவிட்டோம். ட்யூப் போட்டாலும் எச்சில் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, அழுக்கான வாயின் எச்சிலோடு கிருமியும் சேர்ந்து இறங்குகிறது. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் பார்த்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்குப் பின் ஒழுங்காகப் பல் விளக்கிவிட்டவர்களிடம் நிமோனியா குறைந்திருக்கிறது. ஒரு பிரஷ், ஈரத்துணி, இரண்டு வேளை. டிஸ்சார்ஜ் அன்று இதை ஒரு வாக்கியமாகச் சொல்லி அனுப்புங்கள், போதும்.

உங்களுக்கு மேலே இருக்கிற நிர்வாகிகளும் சுகாதாரத் துறை அதிகாரிகளும் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். எவ்வளவு பெரிய விஷயம் அது. அதே வீட்டில் கை காலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூக்கில் ட்யூப்போடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால், "விழுங்கும் சோதனை செய்தாயிற்றா" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் வையுங்கள். மாவட்டத்துக்கு ஒருவராவது விழுங்கும் பயிற்சி தெரிந்தவரை அந்தக் கட்டத்தோடு இணையுங்கள், முதல் சோதனைக்கு நேரில் போனால் நடுவில் நடக்கிற பயிற்சியை வீடியோ காலில் கூடப் பார்க்கலாம், நாங்கள் பாதி நாள் அப்படித்தான் பார்த்தோம். ட்யூப்போடு அனுப்புகிற ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் மறுபடி விழுங்கிப் பார்க்க வர வேண்டிய தேதி ஒன்று இருக்கட்டும்.

அப்பா இப்போது எல்லாம் சாப்பிடுகிறார், முறுக்கும் அப்பளமும் தவிர. போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் இடது பக்கம் திரும்பித்தான் விழுங்குவார், அது இனி அவர் பழக்கம். பக்கத்து இலைக்காரர், அப்பா தன்னிடம் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, "என்ன சார் வேணும், பாயசமா?" என்றார். அப்பா விழுங்கி முடிக்கும்வரை பொறுத்து, குரலைச் செருமிச் சரிபார்த்துவிட்டு, "வேணாம் சார், எனக்குப் பாயசம் கடைசில" என்றார். குரல் இன்னும் கம்மல்தான்.

சிஸ்டர், வீட்டுச் சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த அட்டையின் வாசகத்தைக் கீழே எழுதுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல நான் ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதியது. உங்கள் வார்டில் அந்த மூன்று ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் இதையும் தொங்கவிடுங்கள்.

"இவருக்கு வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. தண்ணீர், காபி, மாத்திரை, கோயில் தீர்த்தம் எதுவும் கூடாது. இருமல் வரவில்லை என்றாலும் கூடாது. சந்தேகம் இருந்தால் சிஸ்டரைக் கேளுங்கள்."

இப்படிக்கு,
ஒரு நடத்துநரின் மகள்